திரும்ப அழைத்தல்

கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
மளிகைக் கடைத் தள்ளுபடித் தாள்களுக்கு நடுவே.
நியூ பிரன்ஸ்விக் கடலோரத்தில்
மார்ச் என்றாலும் குளிர்காலம்தான்.
கையுறையைக் கழற்றாமலே பிரித்தாள் டெல்ஃபின் ஆர்சனோ.

“தங்கள் வாகனத்தின் ஸ்டியரிங் மோட்டாரில்
குறைபாடு இருக்கக்கூடும் எனக் கண்டறிந்துள்ளோம்.
திரும்ப அழைக்கிறோம். பழுது பார்ப்பது இலவசம்.”

இருக்கக்கூடும்.
இரண்டு முறை மனதுக்குள் வாசித்தாள்,
ஒரு முறை உரக்க, தியோஃபிலுக்காக.

பதினான்கு மாதம் முன்னால்,
முதியோர் இல்லச் சலவைக்கூடத்தில்
இரவு வேலை முடிந்து வரும்போது
துறைமுகப் பாலத்து வளைவில்
ஆட்டுக்கல்லாய் இறுகிப்போனது ஸ்டியரிங்.
தோள், முழங்கை, மார்பு எல்லாம் கொடுத்து இழுத்தாள்.
எதிரே பனி வாரும் லாரி,
அதன் மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று வந்தது.
ஹாரன் அடித்தது அவனா,
கத்தியது இவள்தானா,
இன்றும் தெளிவில்லை.
அது இருக்கக்கூடும் அல்ல. இருந்தது.

“காகித ஆலையும் இதைத்தான் சொன்னது,
திரும்ப அழைக்கிறோம் என்று,”
என்றான் தியோஃபில், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.
ஆலையை இடித்தார்கள். செங்கல்லையும் விற்றார்கள்.
அங்கே புல் முளைத்துப் பதினெட்டு வருஷம்.
“வண்டிக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.”

நான்காம் பக்கம், பொடி எழுத்தில்:
முன்னரே சொந்தச் செலவில் சரிசெய்தவர்கள்
பணம் கோரலாம். அசல் ரசீது அவசியம்.

அசல் இருந்தது.
டாஷ்போர்டு அறையில், கெட்சப் பொட்டலங்களுக்கு அடியில்.
ஆயிரத்து நூற்று எண்பது டாலர்,
ஈஸ்டருக்கு மகனைப் பார்க்கப் போக
எடுத்துவைத்திருந்த டிக்கெட் காசு.
வெயில் தின்று, குளிர் தின்று
வெறும் வெள்ளைத் தாள் இப்போது.
மூலையில் மங்கலாக ஓர் ஐந்து. அல்லது ஆறு.

மெக்கானிக் ஜெர்மேன் லாந்திரிக்குப் போன் போட்டாள்.
கராஜை விற்றுவிட்டானாம், கம்ப்யூட்டரோடு சேர்த்து.
“நன்றாக ஞாபகம் இருக்கிறது, டெல்ஃபின்.
மோட்டாரைக் கவிழ்த்தேன்,
டீத் தண்ணீர் மாதிரி துரு ஊற்றியது.
யாரிடம் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.”
யாரிடமும் சொல்வதற்குப் படிவத்தில் இடமில்லை.

ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்தவும், பிரெஞ்சுக்கு இரண்டு.
இரண்டை அழுத்தினாள்.
சீவி முடித்துப் பூச்சூட்டிய பிரெஞ்சில் ஒருத்தி சொன்னாள்:
“வாசிக்க இயலாத ரசீதை ஏற்க முடியாது, மேடம்.”
“லாரிக்காரனைச் சாட்சிக்கு அழைக்கட்டுமா?”
சற்று நேரம் கீபோர்டுச் சத்தம்.
“அதற்குக் கட்டம் இல்லை, மேடம்.”

வழி சொன்னவள் ஜெலி கோர்மியே,
பத்து வருஷமாகப் பக்கத்து மேஜையில் தேய்ப்பவள்.
அந்தக் காகிதத்தில் மை கிடையாது, சூடுதான் எழுத்து,
சூட்டால் எழுதியதைச் சூட்டால்தான் எழுப்ப வேண்டும் என்றாள்.
அதிகாலை இரண்டரை.
மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு,
நடுவில் ரசீது.
பட்டும் படாமலும் இஸ்திரிப்பெட்டி.

தாள் கறுத்தது.
போச்சு என்றாள் டெல்ஃபின்.
பொறு என்றாள் ஜெலி.
கறுப்புக்குள்ளிருந்து வெளிறி வெளிறி வந்தன:
தேதி. ஸ்டியரிங் மோட்டார், ஒன்று. கூலி, நான்கு மணி நேரம்.
மொத்தம்.
எல்லாவற்றுக்கும் கீழே
ஜெர்மேன் எல்லா ரசீதிலும் அச்சடித்துத் தந்த வரி,
பணம் கொடுத்த அன்று
கோபத்தில் அவள் படிக்காத வரி:
பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.

ஒன்பது வாரம் கழித்துக் காசோலை வந்தது.
எழுநூற்று ஆறு டாலர், நாற்பது சென்ட்.
அங்கீகரிக்கப்பட்ட கூலி விகிதம் அவ்வளவுதானாம்.
வரி கழித்தார்களா என்று கேட்டான் தியோஃபில்.
தெரியவில்லை என்றாள்.
மீதிக்கு மறுபடி எழுதலாம், இன்னொரு படிவம் உண்டு.
குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது,
பக்கத்தில் அந்தக் கறுத்த ரசீது.

வண்டி நன்றாக ஓடுகிறது.
பாலத்து வளைவு வருவதற்கு முன்பே
ரேடியோவை அணைத்துவிடுகிறாள்.